கிரகணத்துக்கு ஒரு நல்ல பக்கம்

எங்கள் வளவில் விஞ்ஞானத்துக்கும் பெரியம்மாவுக்கும் நடந்த சண்டைகளில் விஞ்ஞானம் வென்றதாக எனக்கு நினைவில்லை. ஒரேயொரு முறை வென்றது. வென்றும் ஒரு பிரயோசனமும் இருக்கவில்லை. அந்த முறை விஞ்ஞானத்தின் சார்பில் வாதாடியவள் நான். அப்போது எட்டாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாததென்று உலகத்தில் அதிகம் இல்லை என்ற எண்ணம் இருந்த காலம்.

சண்டிலிப்பாயில் எங்கள் வீடும் பெரியம்மா வீடும் ஒரே வளவுக்குள் இருந்தன, நடுவில் வேலி இல்லை. பெரியம்மா அம்மாவின் அக்கா. எந்த நாளில் தலை முழுகலாம், எந்த நாளில் மிளகாய்க் கன்று நடலாம் என்பதெல்லாம் அவருடைய அதிகாரம். இருவருக்கும் இளைய தங்கைதான் என் சித்தி. வட்டுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான ரீச்சர். சித்தப்பாவுக்கு வெளிநாட்டில், கட்டாரில் வேலை. சித்தி பிள்ளைத்தாச்சியாக இருந்தபடியால் அந்த மாரிக்கு எங்கள் வீட்டில் வந்து நின்றார். அதில் என்னைவிட மகிழ்ந்தவர்கள் யாரும் இல்லை.

மார்கழி விடுமுறையில் சூரிய கிரகணம் வரப்போகிறது என்று வருடத் தொடக்கத்திலேயே சித்தி சொல்லியிருந்தார். சும்மா கிரகணமல்ல, சூரியன் நடுவில் மறைந்து, ஓரம் மட்டும் வளையலாக எரிகிற கங்கண கிரகணம். அந்த வளையல் தெரிகிற பாதை எங்கள் தலைக்கு நேர் மேலாகப் போகிறது. "நாங்கள் ரெண்டு பேரும் சேந்து பாப்பம்" என்றும் சொல்லியிருந்தார். நான் அதைப் பள்ளிக்கூடம் முழுவதும் சொல்லித் திரிந்தேன்.

கார்த்திகை முடிகிற நேரத்தில் பெரியம்மா தீர்ப்புச் சொன்னார். கிரகணம் விடும்வரை சித்தி மேற்குப் பக்கத்து அறைக்குள் இருக்கவேண்டும். கத்தி, கத்தரிக்கோல் ஒன்றும் தொடக்கூடாது. ஒரு பொட்டு வெளிச்சமும் படக்கூடாது. சித்தி தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். படித்த மனுசி வாய் திறக்காமல் இருந்தது எனக்குப் பொறுக்கவில்லை. பாவம், அக்காவுக்குப் பயம் என்று நினைத்தேன். சித்தியை மீட்கவேண்டிய பொறுப்பு என் தலையில் வந்து விழுந்துவிட்டது. யாரும் போடவில்லை, நானாக எடுத்துப் போட்டுக்கொண்டதுதான்.

மீட்பதற்கு ஆயுதம் வேண்டும். அப்பா தோட்டத்தால் வந்து குளிக்கிற நேரத்தில் அவருடைய போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடுவேன். எங்கள் வளவில் சிக்னல் நேராக நிற்கிற இடம் அதுதான். "சூரிய கிரகணம்" என்று தமிழில் அடித்தால் முதலில் வந்தவர்கள் எல்லோரும் சாத்திரிமார். எந்தெந்த ராசிக்காரர் வெளியில் தலை காட்டக்கூடாது என்று நடுங்கும் குரலில் சொன்னார்கள். பின்னால் மேளச் சத்தம், முன்னால் சிவப்பு அம்புக்குறி. அதற்கும் கீழே போனால் உலகம் அழியப்போகிறது என்று ஒருவர். அவர் போன கிரகணத்துக்கும் அதையே சொல்லியிருந்தார். உலகம் அழியாதது பற்றி அவருக்கு ஒரு வெட்கமும் இல்லை.

விஞ்ஞானம் சொல்கிறவர்களும் இருந்தார்கள். ஆனால் அவர்களிலும் பாதிப் பேர் கத்தினார்கள். சிலர் தமிழ்நாட்டு ஆசிரியர்கள், நல்லாகத்தான் சொன்னார்கள். ஆனால் எங்கள் புத்தகத்து ஒட்சிசன் அங்கே ஆக்சிஜனாகவும், பௌதிகவியல் இயற்பியலாகவும் இருந்தன. அப்பாவிடம் கேட்டேன். "ரெண்டும் மூச்சு விடத்தானே பிள்ளை" என்று ஒட்சிசனைப் பற்றி மட்டும் தீர்த்துவைத்துவிட்டுத் தண்ணீர் இறைக்கப் போனார். ஆங்கிலப் பக்கங்களில் படங்கள் வடிவாக இருந்தன. ஆனால் படம் முழுதாக இறங்க முதல் டேட்டா முடிந்துவிடும்.

இப்படிப் பார்த்துப் பார்த்து எனக்கே ஒரு கணக்குப் பிடிபட்டது. பயப்படுத்துகிறவர் பாதியை மறைக்கிறார். "இதை எல்லாருக்கும் அனுப்புங்கள்" என்று முடிக்கிறவருக்கு அனுப்புவதில்தான் அக்கறை. நீயே செய்து பார் என்று சொல்கிறவரிடம்தான் சரக்கு இருக்கிறது.

அப்படி ஒன்று அகப்பட்டது. எங்கேயோ சில ஆசிரியர்மார் சேர்ந்து நடத்துகிற வானியல் கழகத்தின் இணையப் பக்கம். அழகு என்று சொல்ல முடியாது. கையால் கீறிய படங்கள், வெள்ளைத் தாள் போன்ற பின்னணி. அதனாலேயே கிணற்றடியில் சட்டென்று திறந்தது. எங்கள் பாடப் புத்தகத்துத் தமிழிலேயே எழுதியிருந்தார்கள். கிரகணம் எந்த ஊரில் எப்போது தொடங்கும் என்று ஒரு அட்டவணை போட்டு, அதற்குக் கீழே, "முன்னர் இட்ட நேரத்தில் பிழை இருந்தது, திருத்தியிருக்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்" என்றும் எழுதியிருந்தார்கள்.

"பிழை விட்டனாங்கள் எண்டு சொல்லுறவனை நம்பலாம்" என்றார் அப்பா.

"பிழை விடுறவனை என்னத்துக்கு நம்புறது?" என்றார் பெரியம்மா. இரண்டும் நியாயம்தான் என்று இப்போது படுகிறது.

பெரியம்மாவும் சும்மா இருக்கவில்லை. குடும்பத்து வைபர் குழுவில் அவருக்குக் கனடா மாமா துணை. இருபத்தைந்து வருடமாகப் பனிக்குள் இருக்கிற மாமா, தண்ணீர்ப் பானைக்குள் தர்ப்பை போடும் முறை பற்றி எங்களுக்கு வீடியோ அனுப்பினார். அங்கே தர்ப்பைக்கு எங்கே போவார் என்று நான் கேட்டேன். அம்மா போனைப் பறித்துவிட்டார். பிறகு பெரியம்மா தன் பெரிய ஆயுதத்தை எடுத்தார். கிரகண நேரத்தில் தாம்பாளத்துத் தண்ணீரில் உலக்கையை நிறுத்தினால் தானாக நிற்கும். கிரகணத்துக்குச் சக்தி இல்லையென்றால் அது எப்படி நிற்கும்?

நான் கண்டுபிடித்த இணையப் பக்கத்தில் அதற்கும் பதில் இருந்தது. அடி தட்டையான உலக்கை எந்த நாளிலும் நிற்கும், வீட்டில் செய்து பாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். மாவிடிக்கிற உலக்கையைத் தூக்கிக்கொண்டு போய், பெரியம்மாவின் பித்தளைத் தாம்பாளத்தை நடு முற்றத்தில் வைத்து, தண்ணீர் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிறுத்தினேன். இரண்டு மூன்று முறை விழுந்தது. ஒருமுறை என் காலில் விழுந்தது. பிறகு நின்றது! கிரகணத்துக்கு இன்னும் ஒரு கிழமை இருக்க, பட்டப்பகலில், கோழிகள் சுற்றி நின்று பார்க்க, உலக்கை கோயில் கொடிமரம் மாதிரி நின்றது. நான் கத்திய கத்தில் பெரியம்மா குசினியில் அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார். உலக்கையைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்க்கவும் செய்தார்.

"பாத்தியே, கிரகணம் கிட்ட வந்திட்டுது. அதுதான் இப்பவே நிக்குது."

நான் அழாத குறை. சித்தி யன்னலுக்குள் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவர் என் கட்சிதான் என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

கடைசி முயற்சியாக அந்த வானியல் கழகத்துக்காரருக்கே எழுதினேன். எங்கள் வீட்டில் ஒரு பிள்ளைத்தாச்சி இருக்கிறா, அவ கிரகணத்துக்கு வெளியே வரலாமா என்று கேட்டேன். அடுத்த நாளே பதில் வந்தது. முகம் தெரியாத பிள்ளைக்கு அவ்வளவு மரியாதையாகப் பதில் எழுதுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிரகண வெளிச்சத்தில் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. வெறும் கண்ணால் சூரியனை யாருமே பார்க்கக்கூடாது, பெட்டியில் துளை போட்டு, உள்ளே விழுகிற உருவத்தைப் பார்க்கலாம். ஆனால் அவருக்கு மனம் இல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். இவ்வளவுதான் பதில். கிரகணத்துக்கு முதல் நாள் இரவு, குடும்பம் எல்லாம் சாப்பிட இருந்த நேரத்தில் அதைச் சத்தமாக வாசித்தேன். கடைசி வரி விஞ்ஞானத்தோடு சேர்ந்ததாகத் தெரியாதபடியால் அதை மட்டும் விட்டுவிட்டேன்.

பெரியம்மா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார், கொஞ்சம் கூடுதல் நேரம்.

"அவளுக்கு விருப்பமெண்டால் வரட்டும். நான் மறிக்கேல்லை."

பெரியம்மாவின் வாயிலிருந்து அப்படி ஒரு வசனம் வந்ததைக் கேட்டு அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. நான் போனைச் சித்தியின் கையில் கொடுத்தேன். அவர் அந்த இணையப் பக்கத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசித்தார். படங்களை விரலால் பெருப்பித்துப் பார்த்தார். எனக்கு வந்த பதிலையும் வாசித்தார், அந்தக் கடைசி வரியில் அவர் கண் கொஞ்சம் தங்கியது.

"நல்ல பக்கம்" என்றார். "ஒரு பிழையும் இல்லை. என்ரை பிள்ளையளுக்கும் அனுப்பப் போறன்."

"அப்ப நாளைக்கு வாறீங்கள்தானே சித்தி?"

"இல்லையம்மா. நான் உள்ளுக்கை இருக்கிறன். நீ பாத்துட்டு வந்து சொல்லு."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. பெரியம்மாவே விட்டுவிட்டார், இனி யாருக்குப் பயம்? அடுத்த நாள் காலையில் பிஸ்கட் பெட்டியில் துளை போட்டுக்கொண்டு அந்த அறை வாசலுக்குப் போனேன். அறை யன்னலின் தகரக் கதவில் ஆணித் துவாரங்கள் இருந்தன. வெயில் அந்தப் பக்கம் வராது, ஆனால் கூரை ஓட்டில் ஒரு வெடிப்பு இருந்தது. கிரகணம் அதற்குள்ளால் தானாகவே அறைக்குள் வரும், படுக்கையில் இருந்தபடியே பார்க்கலாம் என்று கதவுக்கு வெளியே நின்று சொன்னேன். பக்கத்தில் படித்ததையெல்லாம் ஒப்புவித்தேன்.

"தெரியும்" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "ஓட்டு வெடிப்பை நேற்றே உன்ரை அப்பாவைக் கொண்டு அடைப்பிச்சுட்டன். ஆணி ஓட்டையளை நானே பழந்துணியாலை அடைச்சுட்டன்."

"ஏன் சித்தி? நீங்கள் ரீச்சரெல்லே!"

காலடிச் சத்தம் கதவுக்குக் கிட்ட வந்தது.

"போனமுறை நான் ஒண்டுக்கும் பயப்பிடேல்லை" என்றார் சித்தி. "நீ போ அம்மா. தொடங்கப் போகுது."

நான் போனேன். முதலில் கோபமாகத்தான் நின்றேன். ஆனால் அந்தக் காலையில் நெடுநேரம் கோபமாக நிற்க யாராலும் முடியாது. பெட்டிக்குள் சூரியன் ஒரு ஓரத்தில் கடிபட்ட தோசையாக வந்தது. பிறகு பிறையானது. முகில் வந்து மறைத்தது, நான் முகிலை வாய்க்கு வந்தபடி பேசினேன், விலகியது. வெயில் இருக்கும்போதே வெளிச்சம் மங்கியது. கைமயிர் சிலிர்க்கும்படி ஒரு குளிர் வந்தது. வேப்ப மரத்தடியில் நின்று அப்பா என்னைக் கூப்பிட்டார். நிலம் முழுவதும், விறகுக் குவியலில், அப்பாவின் வெறும் முதுகில், எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன வளையல்கள். இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஒரு துளை. பெரியம்மா குசினி வாசலில் நின்று, சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு, நிலத்தை மட்டும் பார்த்தார். "நிலத்தைப் பாத்தால் குற்றமில்லை" என்று தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

எல்லாம் முடிந்து வீட்டில் ஒவ்வொருவராகத் தலை முழுகி, அடுப்பு மூட்டின பிறகு சித்தி வெளியே வந்தார். என்னை இழுத்துப் பக்கத்தில் இருத்தி, விடாமல் கேள்வி கேட்டார். எந்தப் பக்கத்தால் மறைக்கத் தொடங்கியது? பெட்டிக்குள் தலைகீழாகத்தானே தெரிந்தது? மரத்தடியில் வளையல் வந்ததா? காகங்கள் என்ன செய்தன? குளிர்ந்ததா, எவ்வளவு? நான் சொல்லச் சொல்ல, வயிற்றில் கை வைத்தபடி, கண் நிறைந்து கேட்டுக்கொண்டிருந்தார். நான் பார்க்க மறந்ததைக்கூட அவர் கேட்டார்.

அதற்கு முந்திய வருடமும் சித்தி எங்கள் வீட்டில் வந்து சில நாள் படுத்திருந்தார். காய்ச்சல் என்று எனக்குச் சொன்னார்கள். காய்ச்சல்காரியின் தலைமாட்டில் இருந்து பெரியம்மா ஏன் அழுதார் என்று நான் கேட்கவில்லை. அது காய்ச்சல் அல்ல, அப்போது வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை என்பதை, நான் ஏஎல் சோதனை எழுதிய பிறகு ஒருநாள், வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா ஏதோ கதைக்குள் கதையாகச் சொன்னார். கிரகணம் முடிந்து வந்த மாசியில் தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் சித்தியின் மகள், என் தங்கச்சி, ஒரு குறையும் இல்லாமல் பிறந்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், வாய் ஓயாமல் கேள்வி கேட்கிறாள்.

அன்றைக்கு இதொன்றும் எனக்குத் தெரியாது. இவ்வளவும் தெரிந்த சித்தி ஏன் உள்ளே இருந்தார் என்பது மட்டும் விளங்கவில்லை. யோசித்துப் பார்த்ததில், பிழை அந்த இணையப் பக்கத்தில்தான் இருக்கவேண்டும் என்று முடிவு செய்தேன். நல்ல பக்கம்தான், ஆனால் போதாது. சித்தியின் பயத்தைப் போக்கக்கூடிய மாதிரி இன்னும் வடிவாக எழுதிய பக்கம் எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்? தலை ஈரம் காய முதலே அப்பாவின் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன்.