மாஸ்டரின் மணிக்கட்டு

கையில் கட்டுகிற மணிக்கூடு கதைக்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் சனத்துக்கு மரியாதை கெட்டுப்போய்விட்டது என்று நான் வாயெடுத்தால், என் மகன் “அம்மா தொடங்கிட்டா” என்று எழும்பிப் போய்விடுவான். போகிற போக்கில் அவனும் கையைத் திருப்பி ஒருதரம் பார்த்துக்கொண்டுதான் போவான்.

நான் சொல்வதில் என்ன பிழை? சாமத்தியவீட்டு மேடையில் ஆலாத்தி எடுக்கிற மாமி, தட்டைச் சுற்றிக்கொண்டே யார் மெசேஜ் போட்டது என்று பார்க்கிறா. கோயிலில் தீபம் காட்டும்போது கூப்பிய கைகளில் பாதி, கற்பூரத்துக்குப் போட்டியாக வெளிச்சம் அடிக்கின்றன. செத்தவீட்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு “என்ன செய்யிறது, எல்லாம் விதி” என்று சொன்ன ஒரு பெரிய மனிதர், விதி என்ற சொல்லில் குனிந்து தன் மணிக்கட்டை வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். கைபேசியைப் பார்க்கிறவனுக்காவது கொஞ்சம் கூச்சம் உண்டு. பொக்கற்றுக்குள் கைவிட்டு எடுக்க வேண்டும், நாலு பேர் காண்பார்கள். இந்தச் சனியன் அந்தக் கூச்சத்தையும் துடைத்து எடுத்துவிட்டது.

இங்கே சுவிஸில், ஓல்டன் என்ற ஊரில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். வந்த புதிதில் அகதி முகாமில் ஒரே அறையில் படுத்தவர்கள் நாங்கள். இப்போது அவளுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. பல மாதத்துக்குப் பிறகு அவளைப் பார்க்கவென்று ரயில் ஏறி, பயித்தம் பணியாரமும் சுட்டுக்கொண்டு போனேன். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்தாள், கையைப் பார்த்தாள். என் இடுப்பு நோவைச் சொல்லத் தொடங்கினேன், கையைப் பார்த்தாள். நான் எழும்பிவிட்டேன். அன்று பின்னேரமே தொலைபேசி எடுத்தாள்.

“என்னடி, தேத்தண்ணியும் குடியாமல் ஓடிட்டாய்? ஏதும் கோவமோ?”

“நீ மணிக்கூட்டைப் பாத்தனி.”

“ஐயோ, நான் நேரம் பாக்கேல்லையடி! கடையிலை சவர்க்காரம் மலிவு போட்டிருக்கெண்டு மெசேஜ் வந்தது.”

இதுதான் இவர்கள் எல்லோரும் சொல்கிற சமாதானம். நேரம் பார்க்கவில்லையாம், மெசேஜ்தான் பார்த்தார்களாம். நேரம் பார்த்திருந்தாலாவது, பாவம், வேலைக்குப் போகவேண்டும் என்று நினைத்திருப்பேன். என் இடுப்பை விடச் சவர்க்காரத்தின் மலிவு பெரிது என்று சொல்லிவிட்டு, அதையே மன்னிப்பு என்றும் நினைக்கிறார்கள்.

எங்கள் ஆட்களுக்கு முன்னால் இருந்துகொண்டு மணிக்கூடு பார்ப்பது சின்ன விஷயமில்லை. “காணும், போட்டு வாங்கோ” என்று வாயால் சொல்லமாட்டாதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். வந்தவர் கொஞ்சம் மரியாதை தெரிந்தவர் என்றால், சொல்லவந்த கதையைப் பாதியில் விட்டுவிட்டு “அப்ப நாங்கள் வெளிக்கிடப் போறம்” என்று எழும்பிவிடுவார். யாரும் இதைப் படிப்பிப்பதில்லை. வீட்டிலே பிள்ளைகள் பார்த்துப் பழகுகிறார்கள்.

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவள். டொச் எனும் ஜெர்மன் மொழி விளங்காத தமிழ் ஆட்களுக்கும் டொச் மட்டுமே விளங்குகிற சுவிஸ்காரருக்கும் நடுவில் கதிரை போட்டு இருந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் சொல்வேன். ஆஸ்பத்திரி, சமூகநல அலுவலகம், பள்ளிக்கூடம் எல்லாம் போவேன். ஒரு சட்டம் உண்டு. சொன்னதை மட்டும்தான் சொல்லலாம். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, ஒருவருக்காக நான் கதைக்கவும் கூடாது.

ஓர்லிகோனில் ஒரு பள்ளிக்கூடம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தாய் தகப்பனோடு மாஸ்டர் கதைக்கிற நாள். இந்த ஊரில் ஆறாம் வகுப்போடு பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். கெட்டிக்காரருக்கு ‘ஆ’ பிரிவு, மற்றவர்களுக்கு ‘பே’. ஏ, பீ என்பதை டொச்சில் அப்படித்தான் சொல்வார்கள். ‘பே’க்குப் போன பிள்ளை பிறகு மேலே ஏறுவது கயிறில்லாமல் கிணற்றிலிருந்து ஏறுவது மாதிரி. முடியாது என்றில்லை, ஆனால் ஏறியவர்களை எண்ண விரல் போதும். பன்னிரண்டு வயதில் இதைத் தீர்மானிக்கிற ஒரு நாட்டைப் பற்றி நான் என்ன நினைக்கிறேன் என்பதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தகப்பன் ஒரு உணவகத்தில் சமையல் வேலை. தாய் அலுவலகங்கள் துப்புரவு செய்பவர். இரண்டு பேரும் கல்யாண வீட்டுக்குப் போவது போல வெளிக்கிட்டு, சொன்ன நேரத்துக்கு நிறைய முந்தியே வந்து, நடைபாதையில் பிள்ளைகள் குந்துகிற குட்டை வாங்கில் முழங்காலை ஒடுக்கிக்கொண்டு இருந்தார்கள்.

“அக்கா,” என்று தாய் என் கையைப் பிடித்தார். “பிள்ளையை ‘ஆ’விலை போடச்சொல்லிக் கேக்கவேணும். அவள் அதுக்குத்தான் இவ்வளவு பாடுபட்டவள். நீங்கள்தான் வடிவாக் கேக்கவேணும்.”

“நான் கேக்க ஏலாது தங்கச்சி. நீங்கள் கேளுங்கோ, நான் அப்பிடியே சொல்லுவன்.”

“ஓம், ஓம். நான் கேப்பன்.”

மாஸ்டர் இளம் ஆள். நல்ல பிள்ளை மாதிரித்தான் இருந்தார். கைகுலுக்கினார், தண்ணீர் வைத்தார், பெயரைச் சரியாகச் சொல்ல இரண்டுதரம் முயன்றார். இடது கையில் அந்தக் கறுப்புச் சதுரம். நாங்கள் இருந்து மூச்சு விடுவதற்குள் அது ஒருதரம் நடுங்கியது. அவர் கண் கீழே போய் மேலே வந்தது. தகப்பன் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார்.

பிள்ளையின் கணக்கு நல்லம் என்றார் மாஸ்டர். எழுத்தும் நல்லம். ஆனால் வாயால் சொல்வதில்தான் குறை.

“நன்றாகத் தொடங்குகிறாள். பாதியில் விட்டுவிடுகிறாள். திடீரென்று நிறுத்திவிட்டு இருந்துவிடுகிறாள். ஒரு கருத்தை முடிவுவரை கொண்டுபோகிற தன்னம்பிக்கை இல்லை. ‘ஆ’ பிரிவில் அது தேவை. அதனால் நான் ‘பே’யைத்தான் பரிந்துரைக்கிறேன்.”

தமிழில் சொன்னேன். தாயின் முகம் இறுகியது. தகப்பனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மாஸ்டரைப் பார்த்துக் கேட்பதற்கு வாயைத் திறந்தார்.

மாஸ்டரின் கையில் மணிக்கூடு திரும்ப நடுங்கியது. அவர் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். இந்தமுறை கொஞ்சம் நேரம் எடுத்து, வாசித்தார்.

தாய் வாயை மூடிக்கொண்டார். இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினார்கள்.

“அப்ப நாங்கள் வாறம் மாஸ்டர். மெத்தப் பெரிய உபகாரம்,” என்றார் தகப்பன். எழும்பி நின்றபடியே, மாஸ்டர் எழுதிவைத்த கடதாசியில் சம்மதம் என்று கையெழுத்துப் போடக் குனிந்து, பேனையையும் எடுத்துவிட்டார்.

எனக்குப் பற்றி எரிந்தது. அந்த மனிதர் மேல் எரிந்தது, இவர்களின் பணிவு மேலும் எரிந்தது. ஒரு பிள்ளையின் வாழ்க்கையை மேசையில் விட்டுவிட்டு, மரியாதைக்கு எழும்புகிறார்கள்! நான் எழும்பவில்லை. மொழிபெயர்ப்பாளர் இருந்தபடியே இருந்தால் கூட்டம் முடியவில்லை என்று அர்த்தம். மாஸ்டர் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார்.

“அவர்கள் ஏதும் கேட்க விரும்பவில்லையா?” என்றார்.

“விரும்பினார்கள்,” என்றேன். “நீங்கள் போகச் சொல்லிவிட்டீர்கள்.”

“நானா? நான் ஒன்றுமே சொல்லவில்லையே.”

“மணிக்கூட்டைப் பார்த்தீர்கள். எங்கள் ஆட்களிடம் அது சொன்னதுதான். சொன்னதையெல்லாம் மொழிபெயர்ப்பது என் வேலை.”

சட்டப்படி பார்த்தால் இது கூட்டிச் சொன்னதா, இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. யாரும் முறைப்பாடு செய்யவில்லை.

மாஸ்டருக்குக் காதுவரை சிவந்தது. பிறகு, எல்லோரையும் போலவே, அதே சமாதானத்தை எடுத்தார். நேரம் பார்க்கவில்லையாம். நம்பாவிட்டால் பாருங்கள் என்று கையை நீட்டியே காட்டினார். சின்னத் திரையில் டொச்சில் இருந்தது: எழும்பி நிற்க நேரமாகிவிட்டது. கனநேரம் இருந்தால் உடம்புக்குக் கூடாது என்று அது மணிக்கு ஒருதரம் அவரை எழுப்புமாம். சொல்லிவிட்டு அவர் சிரித்தார், நாங்களும் சிரிப்போம் என்று எதிர்பார்த்து.

அதையும் தமிழில் சொன்னேன். அது எழும்பச் சொன்னது அவரை. அவர் ஆடாமல் அசையாமல் இருக்க, எழும்பியது எங்கள் ஆட்கள். தகப்பன் மரியாதைக்கு ஒரு சிரிப்புச் சிரித்தார். தாய் சிரிக்கவில்லை. மெல்லக் கதிரையை இழுத்துத் திரும்ப இருந்தார்.

“அக்கா,” என்றார், “மாஸ்டர் வகுப்பிலையும் உந்த மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டுதானோ நிக்கிறவர்? கேளுங்கோ.”

கேட்டேன். ஆம் என்றார். பள்ளிக்கூடச் செய்திகள் எல்லாம் இதில்தான் வருமாம், வசதியாம்.

“பிள்ளைகள் மறுமொழி சொல்லேக்கையும் பாக்கிறவரோ?”

சில வேளை, என்றார். ஒரு கணம்தான், என்றார்.

தாய் என் பக்கம் திரும்பினார்.

“அவள் வீட்டை வந்து சொல்லுறவள். ‘மாஸ்டருக்கு எப்பவும் அவசரம் அம்மா. அவர் மணிக்கூட்டைப் பாத்தவுடனை நான் நிப்பாட்டிப்போட்டு இருந்திடுவன்’ எண்டு. நான்தான் சொன்னனான் அக்கா, நீ நல்ல பிள்ளை, பெரியாக்களை மினக்கெடுத்தக்கூடாது எண்டு. நான்தான் அவளைத் தட்டிக் குடுத்தனான்.”

இதை நான் டொச்சில் சொன்னேன். அவசரப்படவில்லை. ஒவ்வொரு சொல்லாக எடுத்து அவர் முன்னால் வைத்தேன். தன்னம்பிக்கை இல்லை என்று அவர் எழுதியது எங்கள் பிள்ளை காட்டிய மரியாதை என்று தெரிந்தபோது, அவர் தன் கடதாசியைத் திரும்ப ஒருதரம் வாசித்தார். கதிரையின் முதுகில் சாய்ந்தார், நிமிர்ந்தார், தண்ணீரை எடுத்துக் குடிக்காமல் வைத்தார். எனக்கு அவர்மேல் இரக்கம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

“இன்னும் ஒண்டு கேளுங்கோ அக்கா,” என்றார் தாய். இப்போது அவர் என்னைப் பார்க்கவில்லை, மாஸ்டரையே நேராகப் பார்த்தார். “பிள்ளை பாதியிலை நிப்பாட்டினவுடனை, மிச்சத்தையும் சொல்லு எண்டு அவர் ஒருநாளாவது கேட்டவரோ?”

கேட்டேன்.

மாஸ்டர் யோசித்தார். பொய் சொல்லாமல் யோசித்தார், அதைமட்டும் நான் ஒத்துக்கொள்கிறேன்.

“நைன்,” என்றார்.

அதை நான் மொழிபெயர்க்கவில்லை. விசா கேட்டும் வீடு கேட்டும் வேலை கேட்டும் இல்லை, இல்லை என்பதையே இந்த நாட்டில் கேட்டுப் பழகிய எங்கள் ஆட்களுக்கு அந்த ஒரு சொல்லுக்கு ஆள் வைத்து விளக்கம் சொல்லத் தேவையில்லை. தகப்பன் பேனையை மூடிச் சட்டைப் பையில் செருகினார். கடதாசியை மாஸ்டரின் பக்கம் தள்ளிவிட்டு, தன் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார்.