பாடியவர் பெயர் சொல்லக் கூடாது

சென்ற வியாழக்கிழமை மாலை, திருநின்றவூர் போகும் மின்சார ரயிலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு எதிரே இரண்டு கல்லூரி மாணவர்கள். தோளில் பை, வாயில் சண்டை. எதைப் பற்றி? பாட்டைப் பற்றித்தான்.

"மாமே, அதெல்லாம் மிஷின்ல தட்ற தட்டு. அத்தப் போயி பாட்டுன்றியா?"

"உன் ஆளு பாட்டப் போட்டா எங்க ஊட்ல நாய் கூட தூங்கிடுது மச்சான்!"

அம்பத்தூர் வந்தது, சண்டை தீரவில்லை. கடைசியில் ஒருவன் என் பக்கம் திரும்பினான். "சார், நீங்க சொல்லுங்க. எது உசத்தி?"

எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை என்றேன். "சார் நைசா நழுவறாரு பாரு!" என்று இருவரும் சிரித்துவிட்டு, ஒற்றுமையாகி, ஆவடியில் எனக்கு இறங்க வழி விட்டார்கள்.

நழுவல் இல்லை. தன்னடக்கமும் இல்லை. இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும் – இசையில் உயர்வு தாழ்வு இல்லை என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன். அப்படி எழுதிய ஆள் ஏன் வாயை மூடிக்கொண்டேன்? அதைச் சொல்லிவிடும் வாரம் இது.

பத்துப் பதினொரு ஆண்டுகளுக்கு முன்பு, ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலைக் குடியிருப்பில் இருந்தேன். முதுகலைப் பட்டம், அலுவலக வேலை, சமுதாயத்தை மாற்றியே தீருவது என்ற உறுதி... இவற்றோடு, என் மைத்துனர் துபாயிலிருந்து கொண்டுவந்த டபுள் கேசட் செட் ஒன்று. ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்கு நகல் எடுக்கலாம். அந்த பிளாக்கிலேயே அது ஒன்றுதான்.

ஞாயிறுதோறும் காலையில் என் வீட்டில் ஐந்தாறு பேர் கூடுவோம். ஒருவர் ஒரு கேசட் கொண்டுவர வேண்டும், மற்றவர்கள் பேசாமல் கேட்க வேண்டும், பிறகு விவாதம். எனக்குக் கர்நாடக இசை. பக்கத்து பிளாக் செல்வராஜுக்குப் பழைய சினிமாப் பாட்டு. திருநெல்வேலிக்காரர், குரலும் கருத்தும் எப்போதும் ஒரு கட்டை கூடுதல்.

இந்தக் கூட்டத்துக்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன். பாடியவர் பெயரை முன்கூட்டிச் சொல்லக் கூடாது! கேசட் அட்டையைக்கூட மறைத்துவிட வேண்டும். புகழையும் பிறப்பையும் பார்க்காமல் பாட்டை மட்டும் எடைபோட வேண்டும். முழுக்கக் கேட்டு, கருத்துச் சொல்லி முடித்த பிறகுதான் பெயர். ஒருமுறை செல்வராஜ் போட்ட குரலில் நான் மயங்கிப் போனேன். கடைசியில், அம்பத்தூரில் கல்யாண மேடைகளில் பாடுகிற ஒரு டைப்பிஸ்ட்டின் குரல் அது என்றார். விதி வென்றது என்று பூரித்துப் போனேன்.

இதை எங்கள் தொழிற்சாலையில் உதவியாளராக இருந்த ஏழுமலை கேள்விப்பட்டார். வேப்பம்பட்டுக்காரர். பரம்பரையாக நெல் விவசாயம் செய்த குடும்பம். தினமும் ரயிலில் வந்து போவார். "நானும் வரலாமா சார்?" என்றார். வாருங்கள் என்றேன். எவ்வளவு மகிழ்ச்சி எனக்கு! ஒரு தொழிலாளியும் வருகிறார். இனி இது உண்மையிலேயே மக்கள் சபை... என் பெருமிதத்துக்குக் குறைவே இல்லை.

ஆறு ஞாயிறுகள், ஒரு ஓரமாக உட்கார்ந்து கேட்டார். ஏழாவது வாரம் அவருடைய முறை. அட்டை இல்லாத ஒரு கேசட்டைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

போட்டோம். முதலில் ஒரு இருமல். பிறகு பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டுகிற தாளம். அதன் மேல் ஒரு கரகரத்த குரல். கானா. அதிலும் சாவு வீட்டில் பாடுகிற கானா.

மூன்று நிமிடம் ஆகியிருக்காது. "என்னவே இது? தொண்டையில முள்ளு சிக்குனவன் மாதிரில்லா கத்துதான்!" என்றார் செல்வராஜ். எல்லோரும் சிரித்தார்கள். ஏழுமலையும் கூடவே சிரித்தார்.

"கொஞ்சம் கேளுங்க சார்..." என்றார்.

அதற்குள் சமையலறையிலிருந்து என் மனைவி. "ஏங்க, விளக்கேத்துற வீட்டுல சாவுப் பாட்டைப் போடுவாங்களா? முதல்ல நிறுத்துங்க!"

நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, அந்தச் சங்கடத்தை மூட ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். இது அடித்தட்டு மக்களின் குரல் என்றேன். சமூகவியல் நோக்கில் முக்கியமான ஆவணம் என்றேன். ஆவணம்! ஏழுமலை மரியாதையாகத் தலையாட்டினார். முழுக்கக் கேட்கவில்லை, ஆகவே பாடியவர் யார் என்ற கட்டமே வரவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மற்றவர்கள் போன பிறகு அவர் மட்டும் நின்றார். "சார், உங்க செட்டுல ரெண்டு கேசட் போட்ற எடம் கீதே... இத்த இன்னொண்ணுல ஏத்திக் குடுக்க முடியுமா? என்னாண்ட இது ஒண்ணுதான் கீது."

"அதுக்கென்ன, வச்சுட்டுப் போங்க."

மூன்று வாரம் அலமாரியில் கிடந்தது. அரை மணி நேர வேலை, செய்யவில்லை. தொழிற்சாலை வாசலில் பார்க்கும்போது அவரே முந்திக்கொண்டு, "அவசரமில்ல சார்" என்பார்.

மார்கழி வந்தது. ஒருநாள் காலை, நான் பெரிதும் மதித்த வித்வான் ஒருவரின் கச்சேரி வானொலியில் வரப்போவதாக அறிவித்தார்கள். பதிவு செய்ய வெற்றுக் கேசட் இல்லை. கடையும் திறக்காத நேரம். அலமாரியில் நாற்பது கேசட்டுகளாவது இருக்கும். என் கை நேராக எதை எடுத்தது?

ஏழுமலையின் கேசட்டை.

இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என் கச்சேரிக் கேசட்டுகளை விடுங்கள். செல்வராஜ் மறந்து வைத்துவிட்டுப் போன சினிமாப் பாட்டுக் கேசட்டைக்கூட என் கை தொடவில்லை. எனக்கு நினைவு தவறவில்லை. யோசித்துத்தான் எடுத்தேன். சாவுக்கா பஞ்சம், இன்னொரு வீட்டில் இன்னொரு முறை பதிவு செய்துகொள்வார் – இதுதான் என் யோசனை. இதை நினைத்தவன்தான் எல்லா இசையும் சமம் என்று விதி எழுதியவன்!

ஒருவரின் ரசனை எப்படிப்பட்டது என்று அறிய, அவர் எதை விரும்பிக் கேட்கிறார் என்று விசாரிக்காதீர்கள். எல்லோரும் நல்லதாகவே நான்கு பெயர் சொல்வார்கள். வெற்றுக் கேசட் இல்லாத அவசரத்தில் எதன் மேல் பதிவு செய்கிறார் என்று பாருங்கள்... போதும்.

உறுத்தல் இல்லாமல் இல்லை. அன்று மாலையே விலை கூடிய புதுக் கேசட் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை ஏழுமலையிடம் இரண்டையும் நீட்டினேன்.

"தப்பா எடுத்துக்காதீங்க ஏழுமலை. அவசரத்துல உங்க கேசட் மேல கச்சேரியப் பதிவு பண்ணிட்டேன். இது புதுசு. அந்த ஆளை இன்னொரு தடவை பாடச் சொல்லி இதுல எடுத்துக்குங்களேன்."

அவர் பழைய கேசட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்டி சார் பாடுவாரு? அது எங்கண்ணன். ஆவணி மாசம் மஞ்சக் காமாலைல பூட்டாரு."

"ஏங்க, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என் குரலில் கோபம் இருந்தது. ஆமாம், கோபம்.

"பாடுனவங்க பேர சொல்லக் கூடாதுன்னு நீங்கதான சார் சொன்னீங்க? கேட்டு முடிச்சப்பறம் சொல்லிக்கலாம்னு கம்முனு இருந்தேன். நீங்க யாரும் கேட்டு முடிக்கவே இல்லியே..."

புதுக் கேசட்டை மேஜை மேலேயே வைத்துவிட்டு, பழையதைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போனார். அதன்பின் ஞாயிறுகளில் வரவில்லை. இரண்டு மாதத்தில் அந்தக் கூட்டமும் கலைந்துபோனது. தொழிற்சாலை வாசலில் மட்டும் "வணக்கம் சார்" – அதில் ஒரு நாளும் மரியாதை குறைந்ததில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

இந்த ஆண்டு ஆவணியில் மனை பார்க்க வேப்பம்பட்டுக்குப் போனேன். ரயில் நிலையத்தில் ஏழுமலை. "இம்மாந்தூரம் வந்துட்டு ஊட்டுக்கு வராம போவீங்களா சார்? இன்னிக்கு அண்ணனுக்குப் படையல். ஒரு வாய் சாப்ட்டுப் போங்க." கூடவே நடந்தேன்.

கூடத்தில் மாலை போட்ட ஒரு படம். முன்னால் இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, வடை. அண்ணி கஸ்தூரி அம்மாள் எனக்குப் பாய் விரித்தார். அவர் மகள் தேவி, ஆறாம் வகுப்பு. அப்பா இறந்தபோது வயிற்றில் இருந்தவள். அவர் முகத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறாள். அண்ணன் கொத்தவால்சாவடிச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போன இடத்தில் கானா கற்றவர். சாவு வீட்டில் பாடுவது குடும்பத்துக்குக் கேவலம் என்று அவருடைய அப்பா ஊருக்குள் வாயே திறக்க விடவில்லையாம். தம்பிதான் ஒருநாள் டேப் ரெக்கார்டர் இரவல் வாங்கி, பம்ப்செட் அறைக்குள் பாட வைத்துப் பதிவு செய்திருக்கிறார். அந்த ஒரு முறைதான்.

கற்பூரம் காட்டியதும் தேவி ஒரு பழைய டேப் ரெக்கார்டரின் பட்டனை அழுத்தினாள்.

வயலின். தம்பூரா. கச்சேரி.

நான் பதிவு செய்த அதே கச்சேரி. ஒருவரும் அசையவில்லை. வாசலில் இருந்து பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தார். "இன்னாமே கஸ்தூரி, உன் ஊட்டுக்காரரு கச்சேரி முடிஞ்சாதான் வருவாராமா?"

"வருவாரு, வருவாரு. நீ வந்து உக்காரு."

ஏழுமலை என் காதருகே சொன்னார். "அரை மணி நேரக் கேசட்டு சார். உங்க கச்சேரி கொஞ்சம் முன்னாடியே முடிஞ்சிடுச்சி. அதுக்கப்பறம் அண்ணன் கொஞ்சூண்டு கீறாரு."

"அப்ப நேரா அங்க ஓட்டிடலாமே?"

"ஃபார்வர்டு அமுக்குனா டேப்பு சிக்கிக்குது. ஒருதபா சிக்கி ரெண்டு வரி பூட்ச்சி. அதான் முழுசா உக்காந்து கேட்டுட்றது. வருசா வருசம்."

தேவியின் கை தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது; பிசகவே இல்லை. "இப்ப மிருதங்கம் மட்டும் வரும் பாருங்க" என்றாள் என்னிடம். வந்தது. எங்கள் ஞாயிற்றுக்கிழமைச் சபையில் ஒருவரும் அந்த வித்வானை இத்தனை பொறுமையாகக் கேட்டதில்லை.

கச்சேரி முடிந்தது. அறிவிப்பாளர் வாயெடுத்தார். 'டக்' என்று ஒரு சத்தம். உடனே, ஒரு வரியின் நடுவிலிருந்து அந்தக் கரகரத்த குரல், வாளித் தாளத்தோடு... ஒரு நிமிடம்கூட இருக்காது. கஸ்தூரி அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தேவி மட்டும் உதடசைத்துக் கூடவே பாடினாள்.

"எப்டி பாடறாரு சார்? நீங்க பாட்டு தெரிஞ்சவங்கன்னு தம்பி சொல்லும்" என்றார் கஸ்தூரி அம்மாள்.

"நல்லா பாடறாரும்மா" என்றேன். பொய் இல்லை. அன்றுதான் அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டேன்.

"முழுசா இருந்துச்சி சார். ஆவடில கேசட்டு கடைல குடுத்துச்சாம் தம்பி. எந்தக் கட்டைல போறவனோ, மேல இத்த ஏத்தி வச்சிட்டான். நானே ஒருநா அந்தக் கடைக்குப் போயி, ஆளுங்க நிக்கசொல்ல அவன நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டு வந்தேன். பேசாம நிக்கறான் சார், கல்லு மாதிரி!"

நான் வாய் திறந்தேன். எதிரே இருந்த ஏழுமலை, வேண்டாம் என்று தலையசைத்தார். மூடிக்கொண்டேன். இலை போட்டார்கள். சாப்பிட்டேன்.

ரயிலடிக்கு வழியனுப்ப வந்தபோது அவரிடம் கேட்டேன் – ஏன் அப்படிச் சொன்னீர்கள்?

"சொல்லியிருந்தா அண்ணி உங்க ஊட்டு வாசல்ல வந்து மண்ண வாரித் தூத்தியிருக்கும் சார். உங்க ஊட்லயும் புள்ளைங்க கீது."

மூன்று மாதங்களாக யோசித்தேன். உண்மையைச் சொன்னால், இத்தனை வருடம் தம்பி பொய் சொன்னார் என்று அண்ணி வருந்துவார். சொல்லாவிட்டால், ஒரு பாவமும் அறியாத கடைக்காரர் மேல் அந்தச் சாபம் நிலைத்துவிடும். விளைவுகளை எடைபோடுவதில் எனக்குப் பயிற்சி அதிகம். எடைபோட்டுக்கொண்டே காலத்தை ஓட்டுவதிலும்தான். கடைசியில் ஏழுமலையிடமே போய், எழுதட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்க சார். தேவி படிச்சிக் காட்டும்" என்றார்.

தேவி, இந்த வரியை மட்டும் அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டு: கடைக்காரர் எதுவும் செய்யவில்லை, உன் அப்பாவின் பாட்டை அழித்தவன், உங்கள் வீட்டுப் படையல் சோற்றை ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டுவிட்டுப் போன அந்த ஆள்தான்.