அக்காவின் பெருநாள் தக்பீர்

ஏலத்தோட்ட வேலையை விட்டுவிட்டுக் குமுளிக்கு நடந்துகொண்டிருந்தேன். பிறை தெரிந்து, பள்ளிவாசலில் 'அல்லாஹு அக்பர்' என்று பெருநாள் தக்பீர் முழங்கியது. எங்கள் ஊரான பெருமாட்டியில் கழிந்த ஒரு பெருநாள் காலை, மருதாணி மணத்தோடு எழுந்து வந்தது.

அன்று அக்காவுக்கு மாதவிலக்கு. புதுத்துணியை மடியில் வைத்து அழுதாள். "இன்னைக்குப் பாத்தா வரோணும்? நான் தொழுகை மைதானத்துக்கு வரலீங்கம்மா."

"தொழுகத்தானே கூடாது புள்ள? தக்பீர் சொல்லு, அல்லாகிட்ட துஆ கேளு. தொழுகிற எடத்துக்கு வெளிய உக்காந்துக்கோ. கெளம்பு!" என்றார் அம்மா.

அக்கா துள்ளி எழுந்தாள். மைதானத்து வேலியோரம் வெறுந்தரையில் உட்கார்ந்து அவள் சொன்ன தக்பீர் ஆண்கள் வரிசைவரை கேட்டது.

"மெதுவா புள்ள!" என்று அம்மா கிள்ளினார்.

பிறை தெரிந்த மறுநாள் விடிந்ததும் குமுளி மைதானத்தில் பாய் விரிக்கும் வேலை கிடைத்தது. பெண்கள் வரிசைக்கு வெளியே, தொழாதவர்கள் உட்கார இரண்டு பாய்களைக் கூடுதலாக விரித்தேன்.