ஊர்பேர் தெரியாத இரண்டு மோட்டார்கள்

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அவருடைய லேத் பட்டறைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அவர் 'பொறு'தான். யாராவது வேலையை அவசரப்படுத்தினால் கையை உயர்த்தி, "பொறு, பொறு" என்பார். கல்யாணத்தையே இப்படித்தான் தள்ளிப் போட்டார் என்று அவர் மனைவி, தான் வேலை பார்க்கும் பல் ஆஸ்பத்திரியில், வாய் திறக்க முடியாமல் உட்கார்ந்திருப்பவர்களிடம்கூடச் சொல்வதுண்டு. அப்படிப்பட்ட மனிதர் துளியும் யோசிக்காமல் செய்த ஒரே காரியம், கம்ப்யூட்டர் சொல்படி தானாகக் கடையும் சி.என்.சி. லேத் ஒன்றைப் பழையதாக வாங்கியதுதான்.

மூடிப்போன தொழிற்சாலையின் கொட்டகையில் அது பளபளவென்று பச்சை பெயிண்டில் நின்றது. தரகர் அதன் முதுகைத் தட்டி, "மெக்கானிக்கல் எல்லாம் கல்லு மாதிரி இருக்கு சார். கன்ட்ரோல் மட்டும்தான் செத்துப் போச்சு," என்றார். உடம்பில் ஒரு குறையும் இல்லை, மூச்சு மட்டும்தான் இல்லை என்பதைப் போன்ற சேதி. ஆனால் காலமெல்லாம் லேத்தின் கைப்பிடியைச் சுற்றித் தோள்பட்டை தேய்ந்தவருக்கு, தானாக நகரக்கூடிய மெஷினைப் பார்த்ததும் மற்றது எதுவும் காதில் ஏறவில்லை.

திட்டம் எளிதுதான். மெஷினின் மூளையான, செத்த கன்ட்ரோலைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்றைப் பொருத்துவது. கடைகிற உளியை நீளவாக்கிலும் குறுக்காகவும் நகர்த்தும் இரண்டு சர்வோ மோட்டார்களை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வது. ஒற்றை ஆளாகத் தூக்க முடியாத கனம். நல்ல சரக்காகத்தான் இருக்க வேண்டும். துணைக்கு மனைவியின் தம்பி வந்து சேர்ந்தான். ஏ.சி. ரிப்பேர்க்காரன். எந்த மெஷினைக் காட்டினாலும் கேஸ் குறைந்திருக்குமோ என்று சந்தேகப்படுவான்.

மோட்டார்களைத் துடைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. பெயிண்ட் அடித்த புண்ணியவான் கடமை தவறாதவர். மோட்டாரின் பெயர்த்தகட்டையும் விடாமல் உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்துவிட்டுத்தான் பிரஷ்ஷைத் தொட்டிருக்கிறார்.

"சுத்துற மோட்டார்தானே அத்தான்? பேரு எதுக்கு?" என்றான் மைத்துனன்.

"எத்தனை வோல்ட், எவ்வளவு கரண்ட் தாங்கும்னு தெரியாம, அதுக்குக் கரண்ட் குடுத்து ஓட்டுற டிரைவ் பெட்டியை எப்படி வாங்குறது? பின்னாடி என்கோடர்னு ஒண்ணு இருக்கு பாரு. மோட்டார் எவ்வளவு சுத்துச்சுன்னு எண்ணி எண்ணிச் சொல்லிக்கிட்டே இருக்கும்."

"எங்க அக்கா மாதிரி."

டிரைவ் விற்கிற கம்பெனியின் தொழில்நுட்ப ஆலோசகருக்குப் போன் போட்டார்.

"மாடல் நம்பர் சொல்லுங்க சார்."

"தேய்ஞ்சு போச்சு சார்."

"அப்ப மேனுவல்ல பாருங்க."

"மேனுவலும் இல்லையே."

"மாடல் நம்பர் சொன்னீங்கன்னா மேனுவல் அனுப்பி வைக்கிறேன்."

அந்தப் பக்கம் கிடைக்காத விடையைத் தேடி, மெஷின்காரர்களின் வாட்ஸப் குழுவில் மோட்டாரின் படத்தைப் போட்டார். அரை நொடியில் ஒருவர் ஜப்பான் என்றார். இன்னொருவர், போல்ட் வைத்திருக்கும் லட்சணத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா, ஜெர்மன்காரன் வேலை என்றார். போல்ட்டைப் பற்றிப் பேச உனக்கென்ன தகுதி என்று முதலாமவர் கேட்டார். பேச்சு தடித்து, அப்பா தாத்தா வரைக்கும் போய், இருவரும் குழுவைவிட்டே வெளியேறினார்கள். மூன்றாமவர் ரோஜாப்பூப் படம் ஒன்றைப் போட்டு எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார். மோட்டார் அநாதையாகவே கிடந்தது.

கடைசியில் அவரே அளந்துவிடத் துணிந்தார். மைத்துனன் டிரில்லிங் மெஷினை மோட்டாரின் தண்டில் மாட்டிச் சுற்ற, அவர் தடித்த மூன்று ஒயர்களில் மீட்டரை வைத்து எவ்வளவு வோல்ட் வருகிறது என்று பார்த்தார். என்கோடரின் மெல்லிய ஒயர்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, எது எதற்கு என்று கண்டுபிடித்தார். சாப்பாட்டு டப்பாவோடு வந்த மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னைக் கட்டிக்கிறப்போ கூட நீங்க இவ்வளவு விசாரிக்கலையே!"

அளந்த கணக்கோடு மறுபடி ஆலோசகரைப் பிடித்தார். அந்த மனிதர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "டிரைவ்ல மோட்டார் பேரு கேக்குற இடத்துல 'மற்றவை'ன்னு போட்டு, இந்தக் கணக்கைக் குடுத்துடுங்க. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க," என்றார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார்?"

"அன்னைக்கு நீங்க மோட்டார் எதுன்னுல்ல கேட்டீங்க?"

புது கன்ட்ரோலும் டிரைவும் வாங்கிப் பொருத்தியாயிற்று. வெள்ளோட்டத்துக்கு மனைவி ஆஸ்பத்திரியில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு விரற்கடை தூரம் வலது பக்கம் நகரச் சொல்லிக் கம்ப்யூட்டரில் கட்டளை கொடுத்துவிட்டு, பச்சைப் பொத்தானை அமுக்கும் கௌரவத்தை அவர் மைத்துனனுக்கு விட்டுக்கொடுத்தார்.

உளி தாங்கி நகரவில்லை, பாய்ந்தது. மைத்துனன் மேஜை மேல் ஏறிவிட்டான். அவசரத்துக்கு நிறுத்துகிற சிவப்புப் பொத்தானை, பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று மெஷினின் பின்பக்கம் வைத்திருந்தார் இவர். சுற்றிக்கொண்டு ஓடியபடியே, "பொறு, பொறு!" என்று மெஷினைப் பார்த்துக் கத்தினார். அது அவருடைய வாடிக்கையாளர் இல்லை. கோடியில் போய் மோதி, பெல்ட்டை அறுத்துக்கொண்டுதான் நின்றது.

"கேஸ் பிரச்சனை இல்ல அத்தான்," என்றது மேஜை மேலிருந்து ஒரு குரல்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். வாங்கியது தப்பு என்று முதன்முதலாகத் தோன்றியது. மனைவி அறுந்த பெல்ட்டைப் பொறுக்கி எடுத்து அவர் மடியில் வைத்தாள். அதைச் சுருட்டிக்கொண்டு அவர் எழுந்தார்.

கோளாறு சின்னதுதான். என்கோடரின் ஒயர்கள் இடம் மாறியிருந்தன. மோட்டார் வலப்பக்கம் போக, என்கோடர் இடப்பக்கம் போவதாகச் சொல்ல, கன்ட்ரோல் அதை அப்படியே நம்பி, இன்னும் வலப்பக்கம் தள்ளியிருக்கிறது. பல அலுவலகங்கள் இப்படித்தான் ஓடுகின்றன. அங்கே அறுவதற்கு பெல்ட் இல்லை, அவ்வளவுதான். ஒயரை மாற்றினார். புது பெல்ட் போட்டார். சிவப்புப் பொத்தானைக் கைக்கு எட்டும் இடத்துக்குக் கொண்டுவந்தார். இந்த முறை உளி, சொன்ன தூரம் போய், சொன்ன இடத்தில் நின்றது. மைத்துனன் கைதட்டினான். அவர் இன்னொரு தடவை பொத்தானை அமுக்கிப் பார்த்தார்.

புது மெஷின் முதலில் கடைந்த, பம்ப்புக்கான புஷ் வளையத்தை வாங்கிப்போகப் பழைய வாடிக்கையாளரான பம்ப் மெக்கானிக் வந்தார். அவரிடம் இவர் மோட்டார்களின் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்தார். மெக்கானிக் புஷ்ஷை விரலில் மாட்டிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, "எப்பவும் போலத்தான் இருக்கு," என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

இப்போதெல்லாம் மெஷின் பாட்டுக்குக் கடைகிறது. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தார். எழுந்து நின்று பார்த்தார். சுருள் சுருளாக விழுகிற இரும்புச் சீவலைக் கூட்டிப் பார்த்தார். ஒரு மத்தியானம் மனைவி எட்டிப் பார்த்தபோது, அவர் பழைய கை லேத்தில் குனிந்து என்னவோ கடைந்துகொண்டிருந்தார்.

"என்ன செய்றீங்க?"

"புது மெஷின் கதவுக்கு ஒரு கைப்பிடி."

"அதை அந்த மெஷின்லயே போடலாமே?"

அவர் நிமிராமல் சொன்னார்: "அது வேலையா இருக்குல்ல."