ஏழுமலை அடிக்காத குத்து

இன்று வடபழனி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரை அந்தக் கோணல் மூக்கை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். குத்துச்சண்டைக்காரர் ஏழுமலை!

எழுபதுகளில், கல்லூரியில் படித்தபோது, சைதாப்பேட்டையில் டிக்கெட் வாங்கி அவருடைய பட்டப் போட்டியைப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தோரு கிலோ எடைப் பிரிவு. கடைசி ரவுண்டில் எதிராளியின் புருவம் கிழிந்து, ரத்தம் கண்ணை மறைத்துவிட்டது. இன்னும் ஒரு குத்து விட்டால் பட்டம் இவருக்குத்தான்.

ஏழுமலை அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"சண்டை போடு" என்று நடுவர் அதட்டினார்.

"அவனுக்குக் கண்ணு தெரியல சார்" என்றார் இவர். மணி அடிக்கும்வரை வெறுமனே விலகி விலகிச் சுற்றினார். புள்ளிக் கணக்கில் தோற்றார்.

இன்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "பட்டம் போச்சேன்னு வருத்தம் இல்லையாண்ணே?"

"இன்னாத்துக்கு நைனா? பட்டம் அவன்கிட்ட கீது. கண்ணும் அவன்கிட்டயே கீது. நல்லாத்தானே கீறான்!"

சிரித்தபடி டிப்போவில் இறங்கிப் போனார்.

அன்று "அடி, அடி!" என்று கத்திய கூட்டத்தில் நானும் இருந்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. நீங்கள் இருந்திருந்தால் என்ன கத்தியிருப்பீர்கள்? உண்மையைச் சொல்லுங்கள்.