ஆறு பேருக்கான இடம்

கோடை வந்தால் எங்கள் குடும்பத்தில் எனக்கென்று ஒரு வேலை உண்டு. விடியவே எழும்பி, முதல் ஆளாக ஏரிக்கரைப் பூங்காவுக்குப் போய், மரநிழலில் இருக்கும் மேசைகளில் துணி விரித்து இடம் பிடிக்க வேண்டும். அண்ணை, அண்ணி, அவர்களின் பிள்ளைகள், சொந்தக்காரர் எல்லாரும் வெயில் ஏறிய பிறகு இறைச்சியும் கூலர் பெட்டியும் பார்பிக்யூ அடுப்புமாக வந்து சேருவார்கள். பேச்சு அதிகம் வராத ஆளுக்கு ஏற்ற வேலை என்று அண்ணைதான் இதை என்னிடம் தந்தார். எனக்கும் அது பிடித்திருந்தது. ஆளில்லாத கரையில் ஒரு வெறும் மேசைக்குக் காவல் இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வேறு யாராவது வந்து, இது உங்கள் மேசையா என்று கேட்டால்தான் கஷ்டம். வாய் திறக்க வேண்டும்.

மகள் சின்னவளாக இருந்தபோது இந்த வேலைக்கு என்னோடு வருவாள். காரில் தூங்கிக்கொண்டு வந்து, கரையில் இறங்கியதும் தட்டைக் கற்களாகப் பார்த்துப் பொறுக்குவாள். நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் படிப்பு, வேலை என்று போன பிறகு அது நின்றுவிட்டது.

போன கோடையில் ஒரு நாள் சாப்பிடும்போது, ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவதற்கு ஒரு பூங்காவில் இடம் பதிவு செய்திருப்பதாகச் சொன்னாள். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புவது.

"நீங்களும் அம்மாவும் நானும் மட்டும். ஒரு விஷயம் கதைக்கோணும் அப்பா. இங்கை வைச்சுக் கதைச்சால் போன் அடிக்கும், இல்லாட்டி ஆராவது வந்து நிப்பினம்."

"என்ன விஷயம்?" என்று மனைவி கேட்டாள்.

"அங்கை வைச்சுச் சொல்லுறன்."

மகள் மாடிக்குப் போனதும் மனைவி என் பக்கம் திரும்பினாள். "கலியாண விஷயம்தான். ஆரையோ பாத்து வைச்சிருக்கிறாள். வெள்ளையோ என்னவோ." நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்தக் கிழமை அண்ணை போன் எடுத்தார். அவர் அஜக்ஸ் என்ற ஊரில் இருக்கிறார். என்னைக் கனடாவுக்கு எடுத்துவிட்டவர் அவர்தான். வேலை பிடித்துத் தந்ததும் அவர். வீடு வாங்கும்போது முன்னுக்கு நின்றதும் அவர். சனிக்கிழமை தன் வீட்டு வேலியைத் திருத்த வரச்சொன்னார். நாங்கள் காம்பிங் போகிறோம் என்று சொன்னேன்.

"நல்ல விஷயம். எங்கை? சரி, நாங்களும் வாறம். வேலி ஓடாது."

எங்கள் ஆட்களிடம் போகிறோம் என்று சொல்வதும் வாருங்கள் என்று கூப்பிடுவதும் ஒன்றுதான். 'இந்த முறை நாங்கள் மட்டும்' என்று ஒரு வசனம் சொல்லியிருக்க வேண்டும். நான் "ஓம் அண்ணை" என்றேன்.

சனிக்கிழமை காலை நெடுஞ்சாலையில் ஏறிய பிறகுதான் மகளிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "எத்தினை பேர்?" என்று மட்டும் கேட்டாள். அண்ணை, அண்ணி, மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என்றேன்.

"அப்பா, அந்த சைற்றுக்கு ஆறு பேர்தான் மாக்ஸிமம். பகல்லை வந்திட்டுப் போகட்டும். நைற் நிக்கேலாது. பெரியப்பாவுக்குச் சொன்னீங்களோ?"

"சொல்லுவன்."

அவள் கண்ணாடி வழியே வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பின்சீற்றில் மனைவி பெருமூச்சு விட்டாள்.

நாங்கள் கூடாரம் அடித்து முடிப்பதற்குள் அண்ணையின் ஆட்கள் இரண்டு காரில் வந்து இறங்கினார்கள். ஆட்டிறைச்சி ஒரு பெரிய சட்டியில், புட்டு ஒரு வாளியில், கோழி மசாலாவில் ஊறியபடி கூலரில். அண்ணையின் மகன் கடைசியாக இறக்கியது ஒரு பெரிய கூடாரம். விலைச்சீட்டைக்கூடக் கழற்றியிருக்கவில்லை. இரவு தங்க முடியாது என்று நான் அண்ணைக்கு இன்னும் சொல்லியிருக்கவில்லை.

பகல் நன்றாகத்தான் போனது. பேரப்பிள்ளைகள் தண்ணீரை விட்டு வரவில்லை. அண்ணை முழங்கால் மட்டும் ஏரியில் இறங்கி நின்று, "உது ஏரியோ, ஐஸ் பெட்டியோ!" என்று கத்தினார். மகள் பிள்ளைகளோடு விளையாடினாள், கோழி பிரட்டினாள். ஆனால் இடைக்கிடை என்னைப் பார்த்தாள். நான் விறகை அடுக்கினேன். அடுக்கிய விறகைக் கலைத்துத் திரும்ப அடுக்கினேன்.

பின்னேரம் அண்ணை புதுக் கூடாரத்தை விரிக்கத் தொடங்கியபோது பூங்கா உத்தியோகத்தர் ஒருத்தி வந்தாள். மகளின் வயதுதான் இருக்கும். இடம் யாருடைய பெயரில் என்று சிரித்தபடி கேட்டாள். மகள் கையை உயர்த்தினாள். பார்க்க வந்தவர்கள் இரவு பத்து மணிக்கு முன் வெளியேற வேண்டும், கூடுதலாக ஆட்கள் தங்கினால் எல்லாரும் கிளம்ப வேண்டிவரும் என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

"உவள் சும்மா வெருட்டுறாள்," என்றார் அண்ணை. "இருட்டினாப் பிறகு ஆர் வந்து எண்ணப் போறான்? காரிலை ரெண்டு பேர் படுக்கலாம். சின்னனுகளை ஆளாக் கணக்கெடுக்கிறதோ? தம்பி, இந்தக் கம்பியைப் பிடி."

நான் கம்பியைப் பிடித்தேன். மகள் என்னைத் தாண்டித் தண்ணீர்ப் பக்கம் நடந்துபோனாள். கம்பியை நிலத்தில் வைத்தேன்.

"அண்ணை, பத்து மணிக்கு முதல் நீங்கள் வெளிக்கிடோணும்."

"அவள் சொன்னதைத்தானே நீயும் சொல்லுறாய்."

"அவள் சொன்னதுக்காக இல்லை. பிள்ளை எங்களோடை தனிய இருக்க ஆசைப்பட்டவள். அவளுக்கு எங்களிட்டை ஏதோ கதைக்கோணுமாம். நான் உங்களுக்கு அப்பவே சொல்லியிருக்கோணும்."

அண்ணை நிமிர்ந்தார். என் வாயிலிருந்து அவர் இவ்வளவு நீளமாகக் கேட்டதில்லை. "அப்ப நாங்கள் பிறத்தி ஆக்களோ?"

அண்ணிதான் கதிரையை மடித்துக்கொண்டு எழும்பினார். "எழும்புங்கோ. தம்பி வாய் திறந்து ஒரு சொல்லுக் கேட்டதே பெரிய விஷயம். எனக்கும் நிலத்திலை படுத்தால் நாளைக்கு என்னைத் தூக்கித்தான் ஏத்தோணும்." மருமகள் சிரித்தாள். அண்ணை சிரிக்கவில்லை. பொழுது படுவதற்கு முன்பே எல்லாவற்றையும் ஏற்றினார்கள். போகும்போது அண்ணை மகளின் தலையில் கைவைத்தார். என் பக்கம் திரும்பாமலே காரில் ஏறினார்.

மகள் அன்றிரவு விஷயத்தைச் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலை, சின்ன எரிவாயு அடுப்பில் தேத்தண்ணி வைத்துத் தந்துவிட்டுச் சொன்னாள். நாட்டின் மறுகரையில், வன்கூவரில் வேலை கிடைத்திருக்கிறது. இலையுதிர் காலத்தில் போகிறாள். ஓம் என்று சொல்லிவிட்டாள். திரும்பி வருவாளோ தெரியாது.

"தனியவோ?" என்றாள் மனைவி.

"தனியத்தான்."

"ஒருத்தரும் இல்லையோ?"

"அம்மா! இல்லை."

"நான் கலியாணம் எண்டெல்லோ நினைச்சன்." மனைவிக்கு அது ஆறுதலா ஏமாற்றமா என்று எனக்கு விளங்கவில்லை. கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அங்கை தமிழ்க் கடை இருக்கோ?" என்று கேட்டாள்.

"பெரியப்பாவுக்கு முதல்லை தெரிஞ்சிருந்தால் வீட்டிலை கூட்டம் வைச்சிருப்பார்," என்றாள் மகள். "எல்லாரும் ஒவ்வொண்டு சொல்லுவினம். நீங்கள் ரெண்டு பேரும் என்ன நினைக்கிறீங்கள் எண்டு எனக்குக் கடைசி மட்டும் தெரிஞ்சிராது."

நான் என்ன நினைக்கிறேன் என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரம்தான் கஷ்டம் என்றேன். நல்ல வேலை என்றால் போகத்தான் வேண்டும் என்றேன். வேறு எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவள் தலையாட்டினாள். அது அவளுக்குப் போதுமானதாக இருந்தது போலத்தான் தெரிந்தது.

"இனி உங்கடை அண்ணைக்கு ஆர் சொல்லுறது?" என்றாள் மனைவி. "நேற்றே கோவத்திலை போன மனுசன்." கேட்டது என்னிடம், பார்த்தது மகளை.

"நான் சொல்லுறன்," என்றேன்.

திரும்பி வரும் வழியில் அஜக்ஸில் இறங்கினோம். அண்ணை வீட்டு வாசலில் கார் விரிப்புகளின் மணலைக் குழாயால் கழுவிக்கொண்டிருந்தார். மற்றவர்களைக் காரில் இருக்கவிட்டு நான் மட்டும் போனேன்.

"என்ன, ராத்திரி உங்களைக் கரடி பிடிக்கேல்லையோ?" நிமிராமலே கேட்டார்.

"பிள்ளை வேலைக்கு வன்கூவர் போறாள் அண்ணை. முடிவெடுத்திட்டாள். நாங்களும் சரியெண்டிட்டம்."

அவர் தண்ணீரை நிறுத்தினார். "என்னட்டை ஒரு சொல்லுக் கேக்கேல்லை."

"இல்லை அண்ணை."

நான் அதோடு நிறுத்திக்கொண்டேன். வழக்கமாக நான் அந்த இடத்தில் மன்னிப்புப் போல ஏதாவது முணுமுணுத்திருப்பேன். அவரும் அதற்குத்தான் காத்திருந்தார் என்று நினைக்கிறேன். குழாய் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அங்கை வாடகை கண்டபடி," என்றார் கடைசியில். "இடம் பாத்திட்டாளோ, இல்லாட்டிச் சும்மா வெளிக்கிடுறாளோ? பிள்ளையைக் கூப்பிடு."

நான் கூப்பிடத் திரும்பினேன். மகள் அதற்குள் கார்க் கதவைத் திறந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள்.