மச்சாள் ஒட்டிய நூல்

சேலைத் தலைப்பிலிருந்து இழுத்த ஒரு வெள்ளை நூல். மச்சாள் அதை நாக்கில் நனைத்து, பிறந்து பன்னிரண்டு நாளான என் மகனின் நெற்றியில் ஒட்டினார். "விக்கல் நிண்டிடும், பயப்பிடாதை பிள்ளை" என்றார். கொக்குவில் வீட்டில், பிள்ளை பெற்றுக் கிடந்த அந்த அறையில், அந்த நூலை நான் பார்த்த பார்வையை நினைத்தால் இன்றும் எனக்குக் கூசுகிறது.

மச்சாள் என் கணவரின் அக்கா. கலியாணமாகிப் பதினைந்து வருடமாகியும் பிள்ளை இல்லை. அவர் வரும்போதெல்லாம் மகன் விக்கினான், தும்மினான், நித்திரையில் திடுக்கிட்டுக் கைகளை விரித்தான். அவர் வராத நாட்களிலும் இதெல்லாம் நடந்ததுதான். அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளையில்லாதவரின் கண்பட்ட நாவூறு என்று முடிவுகட்டிவிட்டேன். அன்று அவர் வாசல் படலையைத் தாண்டுமுன்பே நூலைத் துடைத்தெறிந்தேன். செத்தல் மிளகாயையும் உப்பையும் பிள்ளையைச் சுற்றி, அறையிலிருந்த நெருப்புச் சட்டியில் போட்டேன். கமறல் முற்றம்வரை போயிற்று. மச்சாள் படலையில் கை வைத்தபடி திரும்பிப் பார்த்தார். படலையைச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் பிள்ளையைக் குளிப்பாட்ட வந்த மருத்துவிச்சியிடம் பெருமையாக இதைச் சொன்னேன். சொல்லி முடிக்குமுன் அவர் கையிலேயே மகன் விக்கத் தொடங்கினான்.

"அப்ப என்ரை கண்ணும் கூடாதோ?" என்று அவர் சிரித்தார். "பிறந்த பிள்ளையெண்டால் விக்கும், தும்மும், திடுக்கிடும். தானாய் நிண்டிடும். வயித்துக்கை இருக்கேக்கையே விக்கினவனெல்லே?"

ஓம், விக்கினவன்தான். எட்டாம் மாதம் வயிற்றுக்குள் விட்டுவிட்டுத் துடித்தபோது, மச்சாளின் கையை இழுத்து வைத்துக் காட்டியவளே நான். இருவரும் சிரித்த சிரிப்பு எனக்கு எப்படி மறந்துபோயிற்றோ தெரியாது.

அன்றே ஆள் அனுப்பியிருக்கலாம். பழி சொல்ல நீண்ட வாய்க்கு மன்னிப்புக் கேட்க வரவில்லை. முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவுச் சடங்குக்கு மச்சாள் வந்தார். பிள்ளையை நீட்டினேன். "வேண்டாம், விக்கல் வந்திடும்" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போனார். அதன்பின் சாகும்வரை அவர் அவனைத் தூக்கவேயில்லை. வளர்ந்த மகன், "மாமிக்கு என்னிலை என்ன கோபம்?" என்று கேட்டபோதும் மழுப்பிவிட்டேன்.

இன்று அவனுடைய பத்து நாள் மகள் என் மடியில் விக்குகிறாள். தானாக நிற்கும் என்று தெரிந்தும், என் சேலைத் தலைப்பிலிருந்து நூலிழுத்து நனைத்து நெற்றியில் ஒட்டினேன்.

"உது ஆர், அம்மா, காட்டித் தந்தது?" என்று மகன் கேட்டான்.

"உன்ரை மாமி. உனக்கும் ஒட்டினவ," என்றேன். "நான்தான் துடைச்செறிஞ்சனான்."